கிளெண்டா ஹெப்வொர்த்தின் முதல் புகார்

வட இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் ஒருவரை "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "குறை ஒண்ணும் இல்ல" என்று பதில் வரும். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தாலும் இதே பதில்தான். ரொம்ப முடியாமல் இருந்தால் கூடவே மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வார். வேறு மாதிரி பதில் சொன்னால் கேட்டவருக்குச் சங்கடம், குடும்பத்துக்குத் தலைகுனிவு.

இப்படித் தன் உடம்பைப் பற்றி வாயே திறக்காத ஊர், பஸ்ஸைப் பற்றி மட்டும் வாயை மூடாது. அந்த வாய் முழுவதும் வந்து கொட்டும் இடம் பஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவு. அங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் கிளெண்டா ஹெப்வொர்த். டிரைவர் முறைத்தார், ஜன்னல் ஒழுகியது, பஸ் வரவே இல்லை, வந்த பஸ்ஸும் நிற்கவில்லை என்று ஊர் புலம்பும். கிளெண்டா "அப்புறம், கண்ணு?" என்பாள். எதிர்முனையில் இருப்பது எண்பது வயதுக் கிழவராக இருந்தாலும் கண்ணுதான். அந்தப் பக்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் கண்ணு.

அவளுக்கு முடக்குவாதம். முப்பது வயதில் விரல்களில் வந்து குடியேறி, பிறகு மணிக்கட்டு, முட்டி, பாதம் என்று சொந்தபந்தங்களையும் அழைத்து வைத்துக்கொண்டது. மருந்து உண்டு. மருந்து வேலை செய்யும் நாளும் உண்டு. மற்ற நாட்களில் வாசலிலிருந்து தெருவிளக்குவரை நடப்பதற்குள் தெருவிளக்கே இரண்டு அடி பின்னால் நகர்ந்துவிட்டதோ என்று தோன்றும். பஸ் நிறுத்தம் அந்த விளக்கையும் தாண்டி இருக்கிறது. தவிர, அந்த பஸ்களைப் பற்றி அவளைவிட அதிகம் தெரிந்தவர் ஊரில் யார்?

அதனால் அவள் காரில்தான் போனாள். நோயாளிகளுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையைக் கட்டி எடுத்த வாடகைக் கார் அது. சாவி திருக வேண்டாம், ஸ்டீயரிங் ஒரு விரலுக்கே திரும்பும். வேலை பார்ப்பவருக்கும் அந்தத் தொகை உண்டு. நோயால் என்ன முடியவில்லை என்பதுதான் கணக்கு, சம்பளம் வருகிறதா என்பது அல்ல. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தை ஊரில் பாதிப்பேர் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

பல வருஷங்களுக்குப் பிறகு மறுபரிசீலனை என்று வீட்டுக்கு ஓர் அதிகாரிப் பெண் வந்தாள். வீட்டுக்கு ஆள் வந்தால் பார்ன்ஸ்லிப் பெண் என்ன செய்வாளோ அதையே கிளெண்டாவும் செய்தாள். பக்கத்து வீட்டு நோரீன் ஸ்டப்ஸை விட்டு வீட்டைக் கூட்டச் சொன்னாள், தலை வாரிவிடச் சொன்னாள். லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டாள். நோரீன் கிளம்பியதும், வந்தவளுக்குத் தன் கையாலேயே டீ போட்டுத் தட்டில் வைத்துக் கொண்டுபோனாள். நடக்க முடிகிறதா என்றதற்குச் சமாளித்துக்கொள்வேன் என்றாள். சமையல்? ஒப்பேற்றிவிடுவேன். வலி? பழகிவிட்டது.

வந்தவள் எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டாள். நன்றாக உடுத்தியிருந்தார், சிரித்தார், டீ போட்டார், முழு நேர வேலை பார்க்கிறார். ஒரு வரிகூடப் பொய் இல்லை. கிளெண்டாவுக்கு எந்த உதவியும் தேவையில்லை என்று முடிவு வந்தது. காரைத் திருப்பித் தரவேண்டும்.

"அவ உன் குறையைக் கேக்க வந்தாடி. நீ பிஸ்கட்டை நீட்டினியா?" என்றாள் நோரீன்.

"சாக்லேட் பிஸ்கட்" என்றாள் கிளெண்டா. உபசாரத்தில் குறை வைத்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதே.

மேல்முறையீடு செய்தார்கள். விசாரணை நாள் வந்தது. நோரீன் ஒரு வாரமாகவே திட்டம் போட்டு வைத்திருந்தாள். லிப்ஸ்டிக் கூடாது. தலை வாரக் கூடாது. அறைக்குள் நுழையும்போதே முனகவேண்டும். முக்கியமாக, வேலையைப் பற்றி மூச்சு விடக் கூடாது, கேட்டால் விடப்போவதாகச் சொல்லவேண்டும்.

கிளெண்டா லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு, கம்பெனியின் நீலக் கோட்டை மாட்டி, பேர் பொறித்த வில்லையையும் குத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"உனக்குப் புத்தி மழுங்கிப்போச்சா?"

"வேலையை ஒளிச்சு வைக்க அது என்ன கள்ளக் காதலா? வேலைக்குப் போறதுக்குத்தாண்டி காரே. கார் போச்சுன்னா வேலை போச்சு. அப்புறம் பகல் பூரா உன்கூட உக்காந்து டிவி பாக்கணும்."

"பாத்தா என்ன?"

"முடக்குவாதமே தேவலை."

விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் நீதிபதி அம்மாள், ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் சக்கர நாற்காலியில் ஒரு தாடிக்காரர். மூவர் முன்னாலும் அந்த டீ பற்றிய அறிக்கை. நீதிபதி மரியாதைக்கு, இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"குறை ஒண்ணும் இல்லைங்க" என்றாள் கிளெண்டா.

பின் நாற்காலியிலிருந்து நோரீன் பிரஷர் குக்கர் மாதிரி ஒரு சத்தம் எழுப்பினாள்.

காலையில் உடுத்திக்கொள்ள முடிகிறதா என்று டாக்டர் கேட்டார். ஒப்பேற்றிவிடுவேன் என்ற பதில் தானாகவே வாயிலிருந்து வந்துவிட்டது. டாக்டரின் பேனா ஒரு வார்த்தை எழுதிவிட்டு நின்றது. அந்தப் பேனாவைக் கிளெண்டா பார்த்தாள். அவளுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். போனில் பேசுகிறவர் "பரவால்ல விடு கண்ணு, பெரிசா ஒண்ணுமில்ல" என்று சொல்லும் இடம் அது. அங்கே போனை வைத்துவிடுகிறவர்கள் புதியவர்கள். உண்மையான புகார் அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் இருக்கும். அதற்காகத்தான் "அப்புறம்?" என்று கேட்கவேண்டும், கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். பிரிவில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

"அம்மா, இந்தப் பொம்பளை எனக்கு போன் பண்ணியிருந்தா நான் இத்தோட விட்டிருக்க மாட்டேன்" என்றாள். "என்னைப் பத்தி நானே சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு பயணியோட புகாரைச் சொல்ற மாதிரி சொல்லட்டுமா? அது நல்லா வரும்."

நீதிபதி மற்ற இருவரையும் பார்த்துவிட்டு, சொல்லுங்கள் என்றார்.

கிளெண்டா முதுகை நிமிர்த்தினாள். ஆபீஸ் குரல் வந்தது. பயணியின் பெயர் ஹெப்வொர்த். பயணிக்குக் காலையில் விரல் மடங்காது. உள்ளாடைக் கொக்கியைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து மாட்டிவிடுகிறாள்.

"நாந்தாங்க" என்றாள் நோரீன்.

பயணி டீ போட்டது உண்மை. அதற்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் பயணி படுக்கையைவிட்டு எழவில்லை. அறிக்கை எழுதியவர் அதற்குள் போய்விட்டதால் அது அறிக்கையில் இல்லை. பயணி சமைப்பதாகச் சொன்னது டப்பாவைத் திறந்து சூடு பண்ணுவதை. டப்பாவைத் திறப்பதும் மேற்படி பக்கத்து வீட்டுக்காரியே.

தாடிக்காரர் முன்னால் சாய்ந்து, "அப்புறம்?" என்றார். அவர் சரியான ஆள்.

கிளெண்டா அதே குரலில் சொன்னாள். பயணி தினமும் அரை மணி நேரம் முன்னதாகவே ஆபீஸ் வாசலுக்குக் காரில் வந்துவிடுகிறார். வந்ததும் கதவைத் திறக்கக் கை வராது. காருக்குள்ளேயே ஹீட்டரில் கையைக் காட்டிக்கொண்டு, ஒரு விரல் இளகும்வரை உட்கார்ந்திருப்பார். யாராவது பார்த்தால் போனில் பேசுவதுபோல் உதட்டை அசைப்பார். நேரந்தவறாமைக்காகக் கம்பெனி பயணிக்கு ஒரு பரிசுக் கோப்பை கொடுத்திருக்கிறது. அதைத் தூக்கமுடியாமல் ஆபீஸிலேயே விட்டிருக்கிறார்.

நோரீன் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். இந்த விஷயம் அவளுக்கே தெரியாது.

டாக்டர் இரண்டாவது பக்கத்துக்குப் போயிருந்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு சிரமத்துல வேலைக்கு ஏன் போறீங்க?"

கிளெண்டா ஆபீஸ் குரலை விட்டுவிட்டாள். "நல்லா செய்யறேங்க. அந்தப் பிரிவுல என்னை மாதிரி யாரும் செய்யறதில்ல."

வெளியே காத்திருங்கள், முடிவை இன்றே சொல்லிவிடுகிறோம் என்றார்கள். எவ்வளவு நேரமாகும் என்று கிளெண்டா கேட்டாள். மதியம் ஷிப்ட் இருக்கிறது, நேரமாகும் என்றால் தபாலில் அனுப்பிவிடலாமே என்றாள். நோரீன் கிள்ளினாள். தாடிக்காரர் சிரிப்பை மறைக்கக் காகிதத்தை உயர்த்தினார்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. முழுத் தொகையும் உண்டு, கார் அவளிடமே இருக்கும் என்று நீதிபதி வாசித்தார். கிளெண்டா நன்றி சொன்னாள். நோரீன்தான் அழுதாள், அதுவும் ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டு.

காரில் பாதி தூரம்வரை நோரீன் பேசவில்லை. அவள் வாழ்நாளில் அதுவே ஒரு சாதனை. பிறகு, "தெனம் அரை மணி நேரம் தனியா உக்காந்திருந்தியா? ஒரு போன் போட்டா நான் பேசிக்கிட்டிருந்திருப்பேன்ல" என்றாள்.

"அதனாலதான் போடலை."

ஆபீஸ் வாசலில் நிறுத்தியபோது ஷிப்ட் தொடங்கியிருந்தது. அன்றைக்கென்று பாதிப் பிரிவும் வெளியே புகை பிடித்துக்கொண்டிருந்தது, மேலாளர் ஓல்ட்ராய்டும் உட்பட. கிளெண்டா கைகளைப் பார்த்தாள். விசாரணையில் இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் ஒவ்வொன்றும் உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. அரை மணி நேரம் உட்கார இன்றைக்கு நேரம் இல்லை.

"என் பக்கம் வந்து கதவைத் திற" என்றாள்.

"எல்லாரும் பாக்கறாங்கடி."

"நல்லாப் பாக்கட்டும். நான் மெதுவாத்தான் இறங்குவேன், அவசரமில்ல."

நோரீன் திறந்தாள். ஒரு கால் வந்தது. கொஞ்சம் பொறுத்து மற்றது வந்தது. நோரீனின் தோளைப் பிடித்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கிளெண்டா நிமிர்ந்து நின்றாள். சிகரெட்டுகள் எல்லாம் தரையைப் பார்க்கத் தொடங்கின. ஓல்ட்ராய்டு மட்டும் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், பார்த்துவிட்டு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

"லேட்டுதான் கண்ணு. எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு, நோரீனின் கையைப் பிடித்தபடியே, தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் நடுவில் கிளெண்டா நடந்துபோனாள்.