உப்பு பிஸ்கட்டும் இரண்டரை கிலோவும்

முள் எண்பத்தொன்றில் நின்றிருக்க வேண்டும். எண்பத்து மூன்றரையில் நின்றது.

மாஸ்டர் இறங்கினார். தராசை ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி ஏறினார். மாவு மூட்டைகளை எடை போடும் இரும்புத் தராசு அது. ஆள் பார்த்து இரக்கப்படும் பழக்கம் அதற்கு இல்லை. அதே எண்பத்து மூன்றரை.

அன்றைக்குத்தான் மருத்துவமனையில் கடைசிப் பரிசோதனை.

அவருடைய தங்கைக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. பாதியை வெட்டிக் கொடுக்கப் பொருத்தமான ஆள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் அரை ஆயுளைப் பேக்கரி அடுப்புக்கு முன்னால் கழித்து, வெந்ததையெல்லாம் ருசி பார்த்த உடம்பு அது. கல்லீரலிலேயே கொழுப்பு படிந்திருந்தது. கரைத்துக்கொண்டு வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து மாதக்கணக்காகக் கேக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டே மாஸ்டர் வாயைக் கட்டினார். கடைக்கு வருகிறவர்கள் "என்ன மாஸ்டர், பாதி ஆளைக் காணோம்?" என்று கேட்கும் அளவுக்கு இளைத்தார்.

எல்லாம் நேற்று மதியம் வரைக்கும்தான். மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நாளை பரிசோதனை, சரியாக இருந்தால் அடுத்த வாரம் ஆபரேஷன் என்றார்கள். 'சரிங்க' என்று போனை வைத்தார். மேஜையில் ஒரு பெரிய ஆர்டருக்காகச் சீவி ஒதுக்கிய கேக் மேல்பக்கத் துண்டுகள் ஒரு தட்டில் குவிந்திருந்தன. கை தானாகப் போனது. பிறகு உப்பு பிஸ்கட் டப்பாவுக்குப் போனது. சுயநினைவு வந்தபோது தட்டும் காலி, டப்பாவும் காலி.

இப்போது என்ன செய்வது? மாஸ்டருக்கு ஒரு வழி பளிச்சிட்டது. ரொட்டியை இரண்டாம் முறை சூட்டில் போட்டால் காய்ந்து, எடை இறங்கி, ரஸ்க் ஆகிறது. ரொட்டிக்கு நடப்பது மனுஷனுக்கு நடக்காதா?

இரண்டு ஸ்வெட்டரை மாட்டி, அதற்கு மேல் மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு எரியும் அடுப்புக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று முடிவு. வேர்வை தாரை தாரையாக இறங்கியது. தலை லேசாகச் சுற்றியது.

சுவரைப் பிடித்தபடி மெல்ல மாடிப்படி இறங்கி வந்தாள் தங்கை. கண்களில் மஞ்சள் ஏறிக் கிடந்தது. நோய் வருவதற்கு முன்பு இந்தப் பேக்கரியில் மாவு, தண்ணீர், உப்பு எல்லாம் அவள் அளந்து கொடுப்பாள், அண்ணன் பிசைவார்.

"என்னண்ணா, மழை உள்ள பெய்யுதா?"

மாஸ்டர் மழுப்பினார். அவள் நகரவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் திட்டவில்லை. நேற்றுத் தின்ற அளவுக்குக் கேக் துண்டும் பிஸ்கட்டும் எடுத்து மேஜைத் தராசில் வைக்கச் சொன்னாள். மாஸ்டர் நேர்மையாகவே குவித்தார். ஒரு கிலோவைத் தொடவில்லை.

"வாய் வழியா போனது ஒரு கிலோகூட இல்ல. ஏறினது ரெண்டரை. மிச்சத்த ராத்திரி யாராவது வந்து உனக்குள்ள வச்சுத் தச்சுட்டுப் போனாங்களா?"

"உப்பு பிஸ்கட்டாச்சே. தாகம் தாங்கல. சொம்பு சொம்பா தண்ணி குடிச்சேன்."

"ஒரு கிலோ மாவப் பிசைஞ்சா என்ன எடை வரும்?"

"ஒண்ணரைக்கு மேல."

"மாவு கொழுத்துப் போச்சுன்னு உக்காந்து அழுவியா நீ?"

மாஸ்டர் மழைக்கோட்டின் பித்தானை அவிழ்த்தார். பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி மருத்துவமனையில் இருந்தது. நேற்றுத் தின்றதை அங்கே சொல்லாமல் மறைத்துவிட்டால் என்ன என்று இழுத்தார்.

தங்கை தண்ணீர் பாட்டிலை அவர் கையில் திணித்தாள். "உனக்குள்ள இருக்கறத எடுத்துதான் எனக்கு வைக்கப் போறாங்க. பொய்யையும் சேத்து வைக்க வேணாம்ணா."

டாக்டரம்மாவிடம் மாஸ்டர் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கேக்குக்கு அவர் சிரித்தார். அடுப்புக்கு முகம் சிவந்தது. தின்றதைவிட இப்படி வேர்க்க வைத்ததுதான் ஆபத்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிற வேலை, ரத்தப் பரிசோதனையே தப்பாகக் காட்டும் என்று பிடிபிடியென்று பிடித்தார். எதிரிலேயே தண்ணீர் குடிக்க வைத்தார். பிறகு நிதானமாக விளக்கினார். ஒரு வேளை அதிகமாகத் தின்றால் கொஞ்சம் கொழுப்பு சேரத்தான் செய்யும், ஆனால் அது ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். விடிவதற்குள் கிலோ கணக்கில் ஏறுவது பெரும்பாலும் உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்திருக்கிற தண்ணீர், போதாததற்கு வயிற்றை விட்டு இன்னும் கிளம்பாத சாப்பாடு. நாலு நாளில் இறங்கிவிடும். தினமும் அப்படித் தின்றால் மட்டும் கதை வேறு. எப்படியும் முடிவு சொல்லப் போவது தராசு இல்லை, ஸ்கேன்.

டாக்டரம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பொருந்தலன்னு நானே சொல்லிக்கிறேன். வெளிய யாருக்கும் தெரியாது."

மாஸ்டர் கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்தார்.

"பயமாத்தான் இருக்கு டாக்டர். அதனாலதான் தின்னேன். ஆனா தங்கச்சிக்குக் குடுக்கறதுல மாத்தம் இல்ல."

ஸ்கேன் அறை குளிர்ந்தது. விலாவில் ஜெல் தடவி, கருவியை வைத்து அழுத்தினார்கள். டக், டக் என்று உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போலிருந்தது. வெளியே பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் இருவரும் நிமிர்ந்தார்கள்.

டாக்டரம்மாவே வந்தார். கொழுப்பு எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது. நேற்றைய கூத்து கல்லீரல்வரை எட்டவில்லை. ரத்தத்தை மட்டும் ஒழுங்காகத் தண்ணீர் குடித்துவிட்டு நாளை மறுபடி கொடுக்க வேண்டும். ஆபரேஷன் தேதியில் மாற்றமில்லை.

மருத்துவமனையில் சேரும் நாள் காலையில் மாஸ்டர் கடைசியாகத் தராசில் ஏறினார். முள் எண்பத்தொன்றைத் தொட்டு, ஒரு மயிரிழை கீழே போய் நின்றது.

"எவ்ளோண்ணா?" மாடியிலிருந்து குரல்.

சொன்னார். வெட்டிக் கொடுத்த பிறகு இன்னும் இறங்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ரொம்ப ஆடாத. ரெண்டு பேருக்கும் கல்லீரல் திரும்ப வளருமாம்."

மாஸ்டர் அலமாரியில் இருந்த புளித்த மாவு ஜாடியைப் பார்த்தார். தினமும் அதிலிருந்து ஒரு பங்கு எடுத்துத்தான் ரொட்டிக்குச் சேர்ப்பார். எடுத்த பங்கும் பொங்கும், ஜாடியில் மிச்சமிருப்பதும் பொங்கும். அடுப்பை அணைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, தங்கையைக் கைபிடித்து இறக்கிவரப் படியேறினார்.