வரிசைன்னா வரிசை

யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து விழுப்புரத்துக்குத் திரும்பிய பெரியதம்பி, ஒரு தகரப் பெட்டியும் 'ஒழுங்கு' என்கிற சொல்லும் கொண்டுவந்தார். பெட்டியை அக்காள் வீரம்மாள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். சொல்லை மட்டும் வாயிலிருந்து இறக்கவே இல்லை.

பட்டாளத்தில் அவர் துப்பாக்கி பிடித்தவரல்ல. கிடங்கில் மூட்டை அடுக்கியவர். அந்தக் கை சும்மா இருக்குமா? அக்காள் வீட்டு மாடுகளை உயரத்தின்படி கட்டினார். கேப்பைப் பானையை அரிசிப் பானைக்கு இடதுபுறம் மாற்றினார். ஒழுங்கு என்ற ஒரு சொல் போதாமல், பாத்திரத்துக்கு வரிசை, பேச்சுக்கு முறை, வேட்டி மடிப்புக்கு நேர்த்தி, வேலைக்குக் கிரமம் என்று ஆளுக்கொரு சொல்லாகப் பங்கு வைத்தார்.

"மிலிட்டரியிலே ஒனக்குச் சோறு போட்டாங்களா, வார்த்தை போட்டாங்களா?" என்று கேட்பாள் வீரம்மாள்.

அவள் மகள் தையல்நாயகிக்குக் கல்யாணம் கூடிவந்தது. தகப்பன் இல்லாத பெண் என்பதால் பாரம் முழுக்கத் தாய்மாமன் தலையில். மாப்பிள்ளை தேவநாதன், திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை எண்ணெய் மில்லில் வேலை பார்ப்பவன். பெண் பார்த்து நிச்சயம் செய்தபோது பெரியதம்பி பட்டாளத்தில் இருந்தார். மாப்பிள்ளையின் முகம் அவருக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் விருந்து. அரிசிக்கு அலைந்த காலம். சோற்று வாசம் பிடித்துக்கொண்டு அழைத்தவர், அழைக்காதவர் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெரியதம்பி பந்தல் வாசலில் குறுக்கே கயிற்றைக் கட்டி, கையில் சவுக்குக் கம்போடு நின்றார்.

"வரிசையிலே வாங்க! வரிசைன்னா வரிசை!"

அதிசயம், ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். விழுப்புரத்தில் எந்தக் கல்யாணத்திலும் காணாத காட்சி. பெரியதம்பிக்குப் பூரிப்பில் மார்பு இரண்டு விரல் அகலம் கூடியது.

மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்த பிறகு, ரயில் கரி படிந்த முகமும் தோளில் டிரங்குப் பெட்டியுமாக ஓர் இளைஞன் நேரே கயிற்றைத் தூக்கிக்கொண்டு நுழையப் பார்த்தான். கம்பு குறுக்கே வந்தது.

"எங்கே போறே?"

"உள்ளேங்க. நான் மாப்பிள்ளைங்க."

"யாரு வூட்டு மாப்பிள்ளையா இருந்தா எனக்கென்ன? இந்த ஊர்லே வூட்டுக்கு ரெண்டு மாப்பிள்ளை இருக்கான். கடைசியிலே போய் நில்லு, ஜல்தி!"

இளைஞன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், கம்பைப் பார்த்தான், கடைசியில் போய் நின்றான். வெயில் கொளுத்தியது. பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டான்.

சற்று நேரத்தில் உள்ளே சலசலப்பு. மாப்பிள்ளையின் தகப்பனார் பதறியபடி வந்தார். "சம்மந்தி, மில்லிலே லோடு ஏத்திட்டு ரயில்லே வர்றேன்னான் பையன். ரயில் வந்து எவ்ளோ நேரமாச்சு! ஆளைக் காணோமே!"

வீரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியதம்பி மட்டும் கலங்கவில்லை. தேடுவதற்கும் ஒரு திட்டம் வேண்டுமல்லவா? ஒருவரை ஸ்டேஷனுக்கும் ஒருவரை வளவனூர் ரோட்டுக்கும் அனுப்பினார்.

வரிசைக் கடைசியில் ஒரு கை உயர்ந்தது. "ஐயா, அது வந்து..."

"வரிசையிலே பேசக்கூடாது!"

கை இறங்கிவிட்டது.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. தலையில் பாதிப் பூ வைத்த நிலையில் தையல்நாயகி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, பொட்டியைக் குடையாப் புடிச்சிக்கினு நிக்கிறாரே, அவர்தான்."

"எவர்தான்?"

"நாளைக்கு எனக்குத் தாலி கட்டப்போறவரு."

பெரியதம்பியின் கையிலிருந்த கம்பு தானாகக் கீழே விழுந்தது. ஓடிப்போய் பெட்டியை வாங்கினார். "தம்பி, பெரிய தப்பு ஆயிடுச்சு. ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? உள்ளே வாங்க."

"நீங்க நில்லுன்னீங்க, நின்னேன். எனக்கு முன்னாலே மூணு பேரு இருக்காங்களே மாமா, அவங்க போவட்டும்" என்றான் தேவநாதன்.

மரியாதையாகச் சொன்னானா, குத்திக்காட்டினானா? அந்தக் கரி முகத்திலிருந்து பெரியதம்பியால் எதையும் படிக்க முடியவில்லை. அந்த மூவரோ விட்டுக்கொடுப்பவர்களாகத் தெரியவில்லை. காலையிலிருந்து பட்டினி கிடந்த அவர்கள் பேசாமல் பந்தலுக்குள் போய் இலைமுன் உட்கார்ந்துவிட்டார்கள். நாலாவது இலையில் மாப்பிள்ளை. பெரியதம்பியே குனிந்து குனிந்து பரிமாறினார். வடை தீர்ந்துபோயிருந்தது.

"இந்தக் காலத்திலே சொன்ன சொல்லுக்கு நிக்கிற பையன் கிடைக்கிறது அபூர்வம் அக்கா" என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி.

"நிப்பான். நீ நிக்க வெச்சியே! சம்மந்தி மூஞ்சியைப் பார்த்தியா? என் உசுரே போய் வந்துச்சு, பேஜாரு புடிச்சவனே" என்றாள் வீரம்மாள். திட்டும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை. கெட்டிமேளம் கொட்டியதுதான் தாமதம், கூட்டம் முழுக்க மணையை நோக்கிப் பாய்ந்தது. விறகு மேற்பார்வைக்குப் போயிருந்த பெரியதம்பி ஓடிவந்து பார்த்தால் முன்னால் ஒரே முதுகுகள். வாயைத் திறந்தார். ஒரு நொடி யோசித்தார். வாயை மூடிக்கொண்டு, முழங்கையை மடக்கி இருபக்கமும் இடித்துக்கொண்டே முன்னால் போய் நின்றார்.

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். "எந்த வரிசையிலே வந்தே மாமா?" என்று கேட்டாள்.

பெரியதம்பி கண்களைத் துடைத்துக்கொண்டு, தட்டிலிருந்த அட்சதையை அள்ளி அவள் தலையில் போட்டார்.