அக்கா வெச்ச முள்

அப்பா செத்துட்டார்னு வெளிநாட்டுல இருந்து தம்பி அழுதுக்கிட்டே போன் பண்ணது செவ்வாய்க்கிழமை. அப்பா செத்தது புதன்கிழமை. அந்தப் போனை எடுத்ததே அப்பாதான். "யாருடா செத்தது? மூக்கைச் சிந்திட்டுத் தெளிவா சொல்லு"ன்னார்.

எல்லாத்துக்கும் காரணம் அவன் வாட்ச்தான். வேலைக்குக் கிளம்பின அன்னிக்கு அக்கா வாங்கிக் கொடுத்தது. கடையில இருந்ததுலயே விலை கம்மி, பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்கணும். அக்காவே முள்ளைத் திருப்பி நேரம் வெச்சு, கையில கட்டிவிட்டு, "நான் வெச்சது, மாத்தாதடா"ன்னா. அவனும் மாத்தல. அது ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் வேகமா ஓடுச்சு. ஒரு வருஷத்துல அவன் முழுசா ஒரு நாள் முந்திப் போயிட்டான். வேலை செஞ்ச குடோன்ல நாளைக்கு வர்ற லாரியை இன்னிக்கே இறக்கி வெச்சான். சூப்பர்வைசர் நல்ல பையன்னு சொன்னார்.

அப்பாவை எடுத்த பிறகு அம்மா கெஞ்சினா, "அந்தச் சனியனைத் திருப்பி வைடா." "அக்கா கை வெச்ச முள்ளும்மா. திருப்பினா அவ கை போயிடும்"னான். அங்க அவனுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

வருஷத்துக்கு ஒரு நாள் கூடிக்கிட்டே போச்சு. வீட்டுலயும் பழகிடுச்சு. துணி காயப்போடலாமான்னுகூட அவனைத்தான் கேட்டாங்க. ஒன்பதாவது வருஷம் ஒரு திங்கட்கிழமை, தினம் வர்ற போன் வரல. மறுநாளும் வரல. இங்கருந்து கூப்பிட்டா கிடைக்காது, இந்த நாள்லதான் அவன் இல்லையே. அம்மா விரல் விட்டு எண்ணினா. அவன் முந்தியிருக்கறது ஒன்பது நாள். அப்போ அவன் வாய் அடைக்கப்போறது அடுத்த வாரம் புதன்கிழமை. மறுபடியும் புதன்.

அக்கா டிக்கெட் போட்டா. "நீ போய் என்னடி பண்ணப்போற?"ன்னா அம்மா.

"நான் வெச்ச முள்ளுதானே. நானே திருப்பிட்டு வரேன்."

அந்தப் புதன்கிழமை காலையில அவ போய்ச் சேர்ந்தப்போ தம்பி கட்டில்ல உக்காந்து ஷூ மாட்டிக்கிட்டிருந்தான். அவ அவன் கையை இழுத்து, முள்ளைப் பதினெட்டு சுத்து பின்னாடி திருப்பினா. அதே நிமிஷம் வீட்டுல போன் அடிச்சது.

"அம்மா, அங்க என்ன கிழமை?"

"புதன்டா."

"இங்கயும் புதன்தான்மா."

முந்திப் பேசறது அன்னியோட நின்னுபோச்சு. அதனாலதான் அந்த ஒன்பது நாளும் போன் வரல, வேற ஒண்ணுமில்ல. அக்கா வாட்ச்சுக்குச் சாவி கொடுத்து மறுபடியும் அவன் கையிலயே கட்டிவிட்டா. இப்பவும் அது நாலு நிமிஷம் வேகமாத்தான் ஓடுது. போன் அடிச்சா அம்மா மொதல்ல காலண்டரைப் பார்க்கிறா. அப்புறம்தான் எடுக்கிறா.