அக்காவின் முறை

நான் போட்ட அந்த மெட்டுக்கு வார்த்தை கிடையாது. கிட்டாரில் ஒருமுறை வாசித்துக் காட்டுவேன். பிறகு ஆளுக்கொரு முறை, மனதில் வருவதை அப்படியே வாசிக்க வேண்டும். ஜாஸ் என்றால் அதுதான். அந்தத் தனி முறைக்குப் பேர் சோலோ. முதல் சோலோ எனக்கு, அடுத்தது பேஸ் கிட்டார் வாசிக்கும் அக்காவுக்கு, கடைசி டிரம்ஸ் வாசிக்கும் மாமாவுக்கு. மாமா என்றால் அக்கா புருஷன். அப்படிக் கூப்பிடும்போதே எனக்கு வாய் கசக்கும்.

ஒலிப்பதிவுக்கு அக்கா இடது கை மோதிர விரலில் கட்டோடு வந்தாள்.

"என்னாச்சுக்கா?"

"வழுக்கி விழுந்துட்டேன்."

போன மாதம் கன்னம் வீங்கியபோதும் வழுக்கித்தான் விழுந்திருந்தாள்.

"உங்கக்காவுக்கு நடக்கவும் தெரியாது, வாயை அடக்கவும் தெரியாது" என்று டிரம்ஸின் சிம்பல் தட்டைத் துடைத்தபடி சிரித்தார் மாமா. எனக்கு ரத்தம் கொதித்தது. அதற்குள் பதிவு தொடங்கிவிட்டது.

என் சோலோவை வெறியோடு வாசித்தேன். ஒரு தந்தியே அறுந்தது. அடுத்து அக்காவின் முறை. மற்றவர்கள் அடங்கி அவளுக்கு வழிவிட வேண்டிய இடம். தந்தியை அழுத்த மிஞ்சிய மூன்று விரலோடு தடுமாறித்தான் தொடங்கினாள். பிறகு பிடித்துக்கொண்டாள் பாருங்கள், அப்படி அவள் வாசித்து நான் கேட்டதே இல்லை. மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. குச்சியை ஓங்கி மொத்துமொத்தென்று மொத்தினார். பக்கத்தில் நின்ற எனக்கே பேஸ் கேட்கவில்லை. அவள் விடாமல் வாசிக்க வாசிக்க, அவர் சிரித்துக்கொண்டே இன்னும் ஓங்கி அடித்தார். வீட்டில் நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

கிட்டாரின் கழுத்தைப் பிடித்து ஒரே வீச்சு. மாமா டிரம்ஸோடு சரிந்தார், மூக்கெல்லாம் ரத்தம். எழுந்து என் வயிற்றில் உதைத்தார். நான் அவரைத் தள்ளி, வலது கையை ஷூவால் மிதித்தேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

"நிறுத்துங்கடா!"

அக்காதான். பேஸைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. முகமெல்லாம் கண்ணீர். கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்று நினைத்தேன், மடையன்.

"அக்கா, இந்த ஆளு உன்னை..."

"அவன் அடிச்சதும் என் சோலோவுலதான். நீ அடிச்சதும் என் சோலோவுலதான். ரெண்டு பேரும் வெளிய போங்க."

மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்து படியில் உட்கார வைத்தேன். வேறு இடமில்லாமல் நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். உள்ளே அக்கா முதலிலிருந்து தொடங்கியிருப்பாள். சத்தம் வெளியே வராத அறை அது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுமே கேட்கவில்லை.