ரோசரி வாங்கிய புதுச் சட்டி

காவலாளி பத்துமலைக்கு மேல்வயிற்றில் எரிச்சல் தொடங்கியது விரதத்தின் இரண்டாம் வாரத்தில். நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே யாரோ கரித்துண்டை வைத்து ஊதுவதுபோல் இருந்தது. சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும். பிறகு உப்புசமும் குமட்டலுமாகத் திரும்பி வரும். காற்றுதான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். வயிற்றில் தைலம் தேய்த்துக்கொண்டு, பால் கலக்காத கோப்பி ஒரு குவளை குடித்துவிட்டு, பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்துக்குக் காவல் வேலைக்குப் போய்வந்தார்.

தஞ்சோங் மாலிமில் இருக்கும் மகள் கலாதேவிக்குச் சில மாதங்களுக்கு முன் பிரசவத்தில் உயிர் போய்த் திரும்பியிருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று அவர் மருத்துவமனை வாசலில் நின்று முருகனிடம் சொல்லியிருந்தார். இருவரும் பிழைத்தார்கள். அதனால் ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் இரவில், சைவமாக. மனைவி காலமான பின் ஈப்போவின் குனோங் ராபாட் பகுதி வீட்டில் அவர் தனி. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

பக்கத்து வீட்டு ரோசரி அவரோடு ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவள். லயத்தில் குழம்பு மிஞ்சினால் அடுத்த வீட்டுக்குப் போகும். மருந்து மிஞ்சினாலும் போகும். தோட்டம் போய்விட்டது, அந்த வழக்கம் மட்டும் அவர்களோடு ஈப்போவுக்கு வந்துவிட்டது. நின்று நின்று பத்துமலையின் முழங்கால் வீங்கியபோது, தன் முட்டிவலிக்குக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளில் பாதியை ரோசரி எடுத்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னாள். அவர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போட்டார். காலையில் அவர் சாப்பிடுவதில்லை என்பது இருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

ஒருநாள் காலை சந்தையிலிருந்து திரும்பிய ரோசரி, அவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதைப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை.

“காத்துதான் ரோசரி. ஏப்பம் வந்தா சரியாயிரும்லா.”

“இத்தனை நாளா வராத ஏப்பம் இனிமே எங்கண்ணே வரப்போவுது? கார்ல ஏறுங்க.”

கிளினிக்கில் டாக்டர் பவித்ரன் முதலில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இதயத்தைப் பார்த்தார். வயிற்று வலிக்கு நெஞ்சை ஏன் பார்க்கிறீர்கள் என்று பத்துமலை கேட்க, அவர் பொறுமையாகச் சொன்னார்.

“மேல்வயிறு ஒரு சிம்பாங் மாதிரிங்க ஐயா. நாலு ரோட்டு வண்டியும் அங்கதான் வந்து நிக்கும். வயித்துப் புண்ணு, பித்தப்பைக் கல்லு, கணைய வீக்கம் எல்லாம் அங்கதான் வலிக்கும். சில பேருக்கு இதயமே அங்க வலிக்கும். எல்லாமே காத்து மாதிரிதான் தெரியும்.”

இதயத்தில் குறை தெரியவில்லை. வலி தோளுக்கோ முதுகுக்கோ போகிறதா, கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடுகிறதா, எடை குறைந்ததா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மலம் எந்த நிறம் என்று கேட்டபோது பத்துமலை தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு நாளாகத் தார் மாதிரி கறுப்பு என்றார். டாக்டரின் குரல் மாறியது. வலி மாத்திரை ஏதாவது போடுகிறாரா என்று கேட்டார்.

“இல்லீங்க டாக்டர்.”

அருகில் உட்கார்ந்திருந்த ரோசரிக்கு அந்தப் பொய் யாருக்காக என்று உடனே விளங்கியது. அவளுக்கு மருந்து கொடுப்பதும் இதே கிளினிக்தான். அரசாங்க மருந்தை அடுத்தவருக்குக் கொடுத்தது தெரிந்தால் இனி கொடுக்கமாட்டார்களோ என்று அவள் பயந்தாள். அந்த மாத்திரை இல்லாவிட்டால் தொழிற்சாலைக் கேண்டீனில் அவளால் நின்று சமைக்க முடியாது. கையில் இருந்த ஜெபமாலையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

“டாக்டர், அண்ணே எனக்காகப் பொய் சொல்றாரு. என் முட்டிவலி மாத்திரையத்தான் குடுத்தேன். வெரதத்துல இருக்காரு, வெறும் வயித்துல போட்டிருக்காரு. எனக்கு இப்பத்தான் ஒறைக்குது.”

அறையில் யாரும் அவளைத் திட்டவில்லை. அந்த மாத்திரை வெறும் வயிற்றை அரித்துப் புண்ணாக்கியிருக்கலாம், கறுப்பு நிறம் உள்ளே கசியும் இரத்தமாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லி, அப்போதே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். பிறகு ரோசரியிடம் திரும்பி, “நீங்க சொன்னது பெரிய ஒதவி அக்கா. ஒங்க முட்டிக்கு வேற வழி பாப்போம், பயப்படாதீங்க” என்றார். அந்த டாக்டர் பிள்ளையைப் பெற்றவள் புண்ணியவதி என்று ரோசரி பிறகு பலரிடம் சொன்னாள்.

மருத்துவமனையில் குழாய்க் கேமராவை இறக்கிப் பார்த்தார்கள். புண் இருந்தது, கசிவும் இருந்தது. அதை அங்கேயே அடைத்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் வேலையிடத்திலேயே விழுந்திருப்பார் என்றார்கள்.

வீடு திரும்பிய மறுநாள் காலையிலேயே பத்துமலை அடம்பிடித்தார். புண்ணுக்குக் கொடுத்த மருந்தைப் போடுகிறார். ஆனால் சாமிக்குச் சொன்ன ஒரு வேளையை மாற்றமாட்டாராம். ரோசரி வாக்குவாதம் செய்யவில்லை. தன் வீட்டுக்குப் போய், துணி சுற்றிய ஒரு சட்டியோடு வந்தாள். உள்ளே குழைய வெந்த அரிசிக் கஞ்சி.

“கவுச்சி படாத சட்டிண்ணே. நேத்துதான் வாங்குனேன். கரண்டியும் புதுசு. முருகன் ஒங்ககிட்ட சுத்தத்தத்தான் கேட்டாரு, புண்ணக் கேக்கல.”

பத்துமலை சட்டியைப் பார்த்தார். அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு பாதி உரிந்தும் உரியாமலும் இருந்தது. கோழி வாங்கும் நாளிலும் அவருக்கென்று ஒரு சட்டியைத் தனியாக வைத்துக் கழுவப்போகிற அந்தக் கிறிஸ்தவப் பெண்ணை நினைத்தபோது, வாசலில் வந்து நிற்பது ரோசரியா, சாமியா என்று அவருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. கும்பிட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தார்.

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலை முருகன் கோயில்வரை கலாதேவி அப்பாவுக்காகப் பால்குடம் சுமந்தாள். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துமலை பின்னால் மெதுவாக நடந்தார். வழியில் தண்ணீர்ப் பந்தல் ஓரம், குடையைப் பிடித்தபடி ரோசரி நின்றிருந்தாள். காலடியில் அந்தச் சட்டி.

“நேரமாச்சுண்ணே. சாப்ட்டுட்டு நடங்க, சாமி காத்திருப்பாரு.”

அவர் பேரனை அவளிடம் கொடுத்துவிட்டுப் பந்தல் நிழலில் உட்கார்ந்தார்.