குசேரா யார்டின் மேல் ஒரு புகார்

"லைனை விடு ஆர்லிஸ்! மறுபடியும் அந்தப் பொட்டிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருக்கியா?"

டெல்மர் குசேரா ரிசீவரை அறைந்து வைத்த சத்தம் பின்னறை வரை கேட்டது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவன் தங்கை ஆர்லிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கார்புரேட்டரின் படம் பாதிதான் ஏறியிருந்தது. போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரே லைன்தான்; இப்போது விட்டால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

"படம் ஏறுது. கொஞ்சம் பொறு."

"ஹ்ருஸ்கா காலையிலேருந்து போன் அடிச்சானாம். எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டு. கடைசியில எதிர் கடை ராய்ஸ்கிட்ட போய் வாங்கிட்டான். நம்ம வாசல் வழியாத்தான் வண்டி போச்சு. கையக்கூட ஆட்டல."

"ஒரு ஹ்ருஸ்கா போனா போறான். போன வாரம் அயர்லாந்துக்குப் பெட்டி போச்சே, அது யாரால?"

"அயர்லாந்துக்காரன் உன் சவத்தைத் தூக்க வருவானா?"

நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே அவர்கள் அப்பா தொடங்கிய யார்டு அது. செத்துப்போன டிராக்டர்கள் வரிசை வரிசையாகப் புல்லுக்குள் நிற்கும். சுற்றுவட்டாரத்து விவசாயி எவனுக்காவது வண்டி நின்றால் போனை எடுப்பான், வேண்டிய பாகத்தைக் கழற்ற டெல்மர் ஸ்பேனரோடு புல்லுக்குள் இறங்குவான். அப்பா போன பிறகு அண்ணன் தங்கை இருவருக்கும் சரிபாதி. ஆர்லிஸ் கணக்கும் பார்சலும் பார்த்தாள்.

தொண்ணூற்றேழில் ஊர் டெலிபோன் கூட்டுறவுச் சங்கம் இன்டர்நெட்டைக் கொண்டுவந்தது. தேவாலயத்து ஹாலில் கூட்டம் போட்டு, தலைநகர் லிங்கனிலிருந்து வந்த ஒருவர் "உலகமே இனி உங்க கடை வாசலுக்கு வரும்" என்றார். டெல்மர் சிரித்துவிட்டு அங்கே வைத்திருந்த கோலாச் பன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். ஆர்லிஸ் அங்கேயே கையெழுத்துப் போட்டாள்.

முதல் சில மாதங்கள் அவள் போட்ட பக்கத்தை அவளைத் தவிர எவரும் பார்க்கவில்லை. பிறகு டாஸ்மேனியாவிலிருந்து ஒருவன் எழுதினான். ஊரில் ஓசியாகக் கொடுத்தாலும் ஒருவனும் தொடாத பழைய ரேடியேட்டர் மூடி ஒன்று அவனுக்கு வேண்டியிருந்தது. அதன்பின் மானிடோபா, ஸ்காட்லாந்து, டெக்ஸாஸ். களைக்குள் மக்கிக்கொண்டிருந்த இரும்புக்கெல்லாம் ஆள் கிடைத்தது. குளிர்காலத்திலும் கல்லாப் பெட்டி திறந்து மூடியது. அந்த வருஷம் கூரையை மாற்றினார்கள். கூரை எதனால் வந்தது என்று டெல்மர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. "வாடிக்கைன்னா வந்து சாமானைத் தொட்டுப் பாக்கணும், திட்டணும், பேரம் பேசணும். படத்தைப் பாத்து வாங்குறவன் நாளைக்கு என்ன சொல்லுவான்னு உனக்குத் தெரியுமா?" என்று ஒருமுறை கேட்டான். அது பொறாமை என்று ஆர்லிஸ் ஒதுக்கிவிட்டாள்.

மறு வருஷம் பிப்ரவரியில் அது நடந்தது. பழைய டிராக்டர் பிரியர்கள் கூடிப் பேசும் இணையப் பலகை ஒன்று உண்டு. இலினாய்ஸில் தாடியஸ் என்பவர் அதை நடத்தினார். ஆர்லிஸுக்கு வந்த ஆர்டர்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான். ஒரு திங்கட்கிழமை காலை அதைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"குசேரா யார்டில் வாங்காதீர்கள். படத்தில் நல்ல கியர்பாக்ஸ், பெட்டியில் விரிசல் விட்ட கியர்பாக்ஸ். கேட்டால் பதில் இல்லை. ஏமாற்றுக்காரி."

எழுதியவனுக்குப் பெயர் இல்லை. 'பழைய கலப்பை' என்று புனைபெயர் மட்டும். அந்தக் குளிர்காலத்தில் அவள் ஒரு கியர்பாக்ஸ்கூட விற்றிருக்கவில்லை. அதையே பதிலாக எழுதினாள். மாலைக்குள் அதற்குக் கீழே ஒரு படையே திரண்டுவிட்டது. எனக்கும் இதே கதி என்றான் ஓரிகனில் ஒருவன். அந்தப் பெயரில் அவள் எவருக்கும் பெட்டி அனுப்பியதே இல்லை. பொம்பளைக்கு டிராக்டரைப் பற்றி என்ன தெரியும் என்றான் இன்னொருவன். இவள் அப்பாவும் திருடன்தான் என்று மூன்றாமவன் எழுதினான். அப்பாவின் பெயரைக்கூட அவன் தப்பாக எழுதியிருந்தான். அந்த வாரமே மானிடோபா ஆர்டர் ரத்தானது. அடுத்த வாரம் ஒரு ஆர்டரும் வரவில்லை.

ஆர்லிஸுக்குச் சந்தேகமே இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து எதிர் யார்டுக்குப் போனாள். ராய்ஸ் பெக்மன் கவுண்டரில் இரண்டு விவசாயிகளோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ் பெக்மன்! ஆம்பளையா இருந்தா சொந்தப் பேரைப் போட்டு எழுதுய்யா!"

"என்னத்த எழுதினேன்?"

"தெரியாத மாதிரி நடிக்காத. என்னை ஏமாத்துக்காரின்னு ஊரு உலகத்துக்கே பறையடிச்சிருக்கியே."

ராய்ஸ் காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "இந்தா அம்மணி, கடையைச் சுத்திப் பாரு. கம்ப்யூட்டர் எங்கயாவது தெரியுதா? இன்னும் டைப்ரைட்டரே வாங்கல நான். உன்னை ஏமாத்துக்காரின்னு சொல்லணும்னா நேரா உன் மூஞ்சிக்கு நேரே சொல்லுவேன். எதுக்குக் கடன் வைக்கணும், இப்பவே சொல்லிடவா?"

விவசாயிகள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். காது மடல் எரிய ஆர்லிஸ் திரும்பி வந்தாள்.

மறுநாள் தாடியஸே போன் செய்தார். குரலில் மரியாதை இருந்தது, ஆனால் இரக்கம் இல்லை.

"மேடம், பலகையில உங்க கணக்கை மூடுறேன்."

"என்னையா மூடுறீங்க? என்னைத் திட்டினவனை விட்டுட்டு?"

"ரெண்டும் நீங்கதானே. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு நம்பர் உண்டு. உங்க கடைக்குன்னு சங்கத்துல தனி நம்பரே வாங்கியிருக்கீங்க. அந்தப் புகாரும் அதே நம்பர்லேருந்துதான் வந்திருக்கு, உங்க பதிலும் அதே நம்பர்லேருந்துதான். உங்களையே திட்டிக்கிட்டு அனுதாபம் தேடுற வேலையெல்லாம் என் பலகையில வேணாம்."

லைன் அறுந்த பிறகும் அவள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கடைச் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஞாயிறு காலையில் அவள் தேவாலயத்துக்குப் போவாள், டெல்மர் போகமாட்டான். அந்தப் பொட்டியை எப்படிப் போடுவதென்றே தெரியாது என்று அவன் எத்தனை முறை சொல்லியிருப்பான்!

அவன் யார்டின் கோடியில், பனிக்கு நடுவே ஒரு வண்டியின் போல்ட்டுகளைக் கேஸ் கட்டரால் அறுத்துக்கொண்டிருந்தான். அவள் போய்ச் சிலிண்டர் வால்வை மூடினாள். தீ அணைந்தது.

"பழைய கலப்பை யாரு?"

டெல்மர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். மறுக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"ஏண்ணே?"

"நின்னுடும்னு நெனச்சேன். ரெண்டு பேரு வாங்க மாட்டேன்னா நீ விட்டுடுவேன்னு."

"நம்ம கடைடா அது! அப்பா பேருடா!"

"நம்ம கடையா?" அவன் கையுறையைக் கழற்றி வண்டி மேல் வீசினான். "வர்ற கடுதாசி எல்லாம் 'அன்புள்ள ஆர்லிஸ்', 'அன்புள்ள ஆர்லிஸ்'. பனியில மல்லாந்து படுத்து அதைக் கழட்டினவன் எவன்னு எவனுக்காவது தெரியுமா? நீ போடுற படத்துல என் கை விழுந்தாக்கூட வெட்டிட்டுப் போடுற."

அது உண்மைதான். சாமான் மட்டும் தெரிய வேண்டும் என்று வெட்டுவாள்.

"அதுக்கு என்னை ஏமாத்துக்காரின்னு எழுதுவியா?"

"நான் எழுதினது ஒண்ணே ஒண்ணு, ஆர்லிஸ். மத்தது எதுவும் நான் இல்ல. அந்த ஓரிகன்காரன், அப்பாவத் திட்டினவன், எவனையும் எனக்குத் தெரியாது. அன்னிக்கே அழிச்சிடலாம்னு பாத்தேன். எப்படின்னு தெரியல."

அவளுக்குப் பரிதாபம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் வெறும் கசப்புத்தான் இருந்தது.

"வா. உன் பேரைப் போட்டு எழுது."

எழுதினான். பின்னறையில் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்க, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி, நான் டெல்மர் குசேரா, புகார் பொய், எழுதியவன் நான், தங்கையிடம் ஒரு குற்றமும் இல்லை என்று அடித்தான். அவள் அதைத் தாடியஸுக்கு அனுப்பினாள். அவர் அதைப் பலகையில் போட்டு அவள் கணக்கையும் திறந்துவிட்டார். பிரயோஜனம் இல்லை. தங்கச்சி மிரட்டி எழுத வைத்திருக்கிறாள் என்றான் ஒருவன். குடும்பமே பித்தலாட்டம் என்றான் இன்னொருவன். பொய்யை நம்பியவர்களில் பாதிப் பேர் உண்மையைப் படிக்கவே வரவில்லை.

ஏப்ரலில் வக்கீல் வீட்டு மேஜையில் யார்டைப் பிரித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடையை ஆர்லிஸ் வைத்துக்கொண்டாள். டெல்மர் தன் பங்கு வண்டிகளை ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்து இழுத்துக்கொண்டு போய் ராய்ஸ் பெக்மனோடு சேர்ந்துகொண்டான். ஊர் விவசாயிகளும் அவன் பின்னாலேயே போனார்கள். ஆர்லிஸ் ஆள் வைத்துக் கழற்றினாள், வேறு பலகைகளில் விற்றாள், போன பெயரைத் திரும்பச் சம்பாதிக்க வெளிநாட்டு ஆர்டருக்கெல்லாம் முதலில் சாமான், பிறகு பணம் என்று வைத்தாள். இரண்டு பேர் ஏமாற்றினார்கள். மற்றவர்கள் பணத்தை அனுப்பினார்கள்.

அக்டோபரில் ஸ்வோபோடா பண்ணையில் ஏலம். கொட்டகையில் கிடந்த ஒரு பழைய பச்சை டிராக்டருக்கு ஆர்லிஸ் கை தூக்கினாள். அதன் பின்சக்கர ஆக்ஸிலுக்காக ஸ்காட்லாந்தில் ஒருவன் காத்திருந்தான். எதிர்ப்பக்கம் டெல்மர் கை தூக்கினான். அவள் ஏற்றினாள், அவனும் ஏற்றினான். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. இரும்பு விலையைத் தாண்டி, நல்ல வண்டி விலையையும் தொடப் போகையில் அவன் தலையை ஆட்டி விலகிக்கொண்டான்.

அவள் சங்கிலியோடு வண்டிக்கு அடியில் குனிந்தபோது அவன் வந்து பக்கத்தில் நின்றான்.

"அந்த ஆக்ஸில் பிளந்திருக்கு. இடது பக்கம், கிரீஸுக்கு அடியில."

அவள் கிரீஸை விரலால் வழித்தாள். மயிரிழை போல ஒரு கோடு.

"ஏலத்துக்கு முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"காலையிலயே படுத்துப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சுதான் ஏத்திவிட்டியா?"

"நீதான் தொட்டுப் பாக்காமலே வாங்குற ஆளாச்சே" என்றான் டெல்மர். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றான், அவள் கத்துவாள் என்று.

அவள் கத்தவில்லை. துணியை எடுத்து ஆக்ஸிலைத் துடைத்தாள். கோட்டுப் பையிலிருந்து கேமராவை எடுத்து, மண்ணில் மல்லாந்து படுத்து, பிளவு நன்றாகத் தெரியும்படி கிட்டத்தில் வைத்து எடுத்தாள்.

"இதைப் போட்டா எவன் வாங்குவான்?" என்றான் அவன்.

"காலை எடு. நிழல் விழுது."

அவன் நகர்ந்தான். அவள் இன்னொரு படம் எடுத்தாள்.