மண்டோளி வீட்டில் ஒரு விரற்கடை

மண்டோளி வீட்டுக் கல்யாண விருந்தில், நிறைச்ச கோழியின் வயிற்றுக்குள் இருந்த அவித்த முட்டை தானாக வெளியே வந்து, கோழியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்தது. மத்தி மீன் மலிந்து, தின்று தீராமல், தென்னைக்கு உரமாகப் போட்ட வருஷம் அது. தரையில் சாப்பாட்டு விரிப்பான சுப்ராவை விரித்து, நடுவில் பெரிய தாலத்தை வைத்து, அதைச் சுற்றி மாப்பிள்ளையும் அவன் தோழர்களும் பெண்ணின் அண்ணன் தம்பிகளும் உட்கார்ந்திருந்தார்கள். முட்டைக்குப் பின்னாலேயே அதைப் பொதிந்திருந்த வெங்காய மசாலாவும் வெளியே வந்து, முட்டையிடமிருந்து ஒரு விரற்கடை விலகிக்கொண்டது. பிறகு நெய்ச்சோற்றிலிருந்து முந்திரி ஒரு பக்கமும் திராட்சை ஒரு பக்கமுமாக ஒதுங்கின. தோழர்களில் ஒருவன், "கோழி சரியா வேகலியோ?" என்று கேட்டான். "எங்க உம்மா கைபட்ட கோழி வேகாம இருக்குமா? வாயை மூடிக்கிட்டுத் தின்னுடா" என்றான் பெண்ணின் மூத்த அண்ணன் உசைன். எல்லோரும் கையைக் கொஞ்சம் நீட்டி, ஒதுங்கியதை ஒதுங்கிய இடத்திலிருந்தே எடுத்துத் தின்றார்கள். மாப்பிள்ளை மாயின்குட்டிக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது.

பெண்ணின் தாய் கதீசும்மா சமையற்கட்டுக் கதவின் இடுக்கு வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலச்சேரியில் ஒன்றுக்குள் ஒன்றை வைத்துச் சமைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நேந்திரம் பழத்துக்குள் தேங்காய்ப் பூரணம், கடுக்கா என்ற கடற்சிப்பியின் ஓட்டுக்குள் அரிசி மாவு, கோழிக்குள் முட்டை, ஆட்டுக்குள் கோழி. விட்டால் யானைக்குள் ஆட்டையும் வைத்துத் தைத்துவிடுவாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசிய வாயோடு அடுத்த கல்யாணத்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே பெண் புகுந்த வீடு போவதில்லை. பிறந்த வீட்டில்தான் இருப்பாள். கணவன் பொழுது சாய்ந்ததும் வந்து, தின்று, தூங்கி, விடிந்ததும் தன் வீட்டுக்குத் திரும்புவான். தாடி நரைத்துப் பேரன் எடுத்தாலும் அவன் அந்த வீட்டுக்குப் புதியாப்ளைதான். மாமியார் அவனுக்கு முகம் காட்ட மாட்டாள். மண்டோளி வீட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. விருந்தாளியிடம் 'என்ன வேணும்' என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கஞ்சன் வீட்டில்தான் கேட்டுக் கேட்டு வைப்பார்கள். இங்கே வைத்துக்கொண்டே இருப்பார்கள். வைத்ததை வேண்டாம் என்று புதியாப்ளை சொன்னால் அது பெண்ணையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

மாயின்குட்டிக்குப் பாலத்தருகே குடைக்கடை. நல்லவன், அதிகம் பேசாதவன். அவனிடம் ஒரே ஒரு கோளாறு இருந்தது. தட்டில் ஒரு பண்டம் இன்னொரு பண்டத்தைத் தொட்டால் அவனுக்குத் தொண்டை அடைத்துவிடும். மீன் குழம்பு ஓடிவந்து அரிசி ரொட்டியான பத்திரியின் ஓரத்தை நனைத்தால், சின்ன வயதில், யாரோ செத்துப் போனது போல அழுவான். அவனுடைய உம்மா அவனை அடிக்கவும் இல்லை, மந்திரிக்கவும் இல்லை. சோற்றை ஒரு பீங்கான் கிண்ணியிலும் மீனை இன்னொரு கிண்ணியிலும் வைத்துக் கொடுத்தாள். வெளியே தெரிந்தால் பெண் கிடைக்காது என்று யாரிடமும் சொல்லாமலே செத்தும் போனாள். கல்யாணத்தன்று அந்தத் தாலத்தில் மலை மாதிரி குவித்ததைப் பார்த்ததும் மாயின்குட்டிக்கு உயிரே போய்விட்டது. எழுந்து ஓட முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்' என்று மனசுக்குள் சாப்பாட்டிடம் கெஞ்சினான். சாப்பாட்டுக்கு இரக்கம் வந்து தள்ளி நின்றது. நடந்தது இவ்வளவுதான்.

கதீசும்மாவுக்கு இது தெரியாது. தன் கைப்பக்குவத்துக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். மறுநாளிலிருந்து கோழியின் வயிற்றை நூல் போட்டுத் தைத்தாள். தாலம் புதியாப்ளையின் முன்னால் போனதும் நூல் பிரிந்து வெளியே வந்து, ஒழுங்காகச் சுருண்டு, கோழியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் படுத்தது. கடுக்கா ஓடுகள் வாயைத் திறந்து மாவைத் துப்பின. அடுக்கடுக்காகச் செய்த சட்டிப் பத்திரியின் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று அந்தரத்தில் நின்றன. இடைவெளி வழியாக எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் தெரிந்தது. தேயிலையும் பாலும் ஒரே கண்ணாடி டம்ளரில் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி போல நின்றன. அவள் விடவில்லை. ஒவ்வொரு மாலையும் முந்திய மாலையைவிட அதிகமாக நிறைத்தாள். மாயின்குட்டி ஒவ்வொரு மாலையும் முந்திய மாலையைவிட அதிகமாகப் பயந்தான். மனைவி குஞ்ஞாமியிடம்கூட அவன் சொல்லவில்லை. சோற்றைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று எந்த ஆண்பிள்ளை புதுப் பெண்டாட்டியிடம் சொல்வான்? குஞ்ஞாமி அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவனைப் பார்த்த முதல் நாளிலிருந்தே அவளுக்கு அவன் மேல் கொள்ளைப் பிரியம். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு முட்டை நகர்வதைப் பார்க்க வருவார்கள், பார்த்துவிட்டு, "நாளைக்கு என்ன நிறைக்கிறீங்க, கதீசும்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் குஞ்ஞாமி உண்டானாள். மூன்றாவது மாதத்தில் கலைந்துவிட்டது. எல்லோருக்கும் நடப்பதுதான் என்றாள் மருத்துவச்சி. மறுவருஷம் மறுபடி உண்டானாள், மறுபடி அதே மூன்றாவது மாதம். இந்த முறை மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். குஞ்ஞாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கதீசும்மா கோழிச்சாறு கொண்டுவந்து, எழுந்து குடிக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"ரெண்டு மடக்கு குடி மோளே. தெம்பு வரணும்ல."

"எதுக்கும்மா தெம்பு? இந்த வீட்டுல கோழி வயித்துல முட்டை நிக்கல. என் வயித்துல மட்டும் எப்படி நிக்கும்?"

கதீசும்மாவின் கையிலிருந்த சாறு தளும்பிக் கீழே கொட்டியது. வீட்டில் எல்லோருக்கும் மனசில் இருந்ததுதான் அது. யாரும் வாயால் சொன்னதில்லை. அன்றைக்குச் சமையற்கட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் பொழுது சாய்ந்தால் புதியாப்ளை வருவாரே. அழுதுகொண்டே கோழியை நிறைத்தாள். முட்டை வெளியே வந்தது.

குடும்பத்துக்கு மூத்தவர் கதீசும்மாவின் அண்ணன் அத்ராமான். அவர் வந்து, இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடலாம் என்றார். "குடைக்காரன் போனா வேற ஒருத்தன் வருவான். பொண்ணு போனா வருவாளா?" என்றார். குஞ்ஞாமி அறைக்குள்ளிருந்தபடியே, "அவரைப் போகச் சொன்னா நானும் கூடப் போயிடுவேன். ஊர் வழக்கத்தை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று கத்தினாள். இது மாயின்குட்டியின் காதுக்கும் எட்டியது. தான் வராமல் இருந்தால் அவள் பிழைப்பாள் என்று நினைத்து அவன் சில நாள் கடையிலேயே படுத்துக்கொண்டான். புதியாப்ளை வராத வீடு என்ற பேர் வந்துவிடக் கூடாதென்று உசைன் வந்து அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

தன்னைத் தானே திருத்திக்கொள்ளவும் அவன் பார்த்தான். கடற்கரைக் கல்லின் மேல் உட்கார்ந்து, ஓட்டலில் வாங்கிய சோறு, குழம்பு, பொரியல், மோர், பப்படம் எல்லாவற்றையும் ஒரே இலையில் கொட்டினான். அவை ஓடி ஓடி ஒதுங்கின. துரத்திப் பிடித்து, இரண்டு கையாலும் சேர்த்து அழுத்திப் பிசைந்தான். விரலிடுக்கு வழியாகச் சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம் பிரிந்து வழிந்தது. "சேர்ந்து இருங்க. எனக்கு இப்பப் பயமில்ல. சத்தியமாப் பயமில்ல" என்று சத்தமாகவே சொன்னான். சொல்லும்போதே குமட்டிக்கொண்டு வந்தது. மனிதர்களை ஏமாற்றலாம், சாப்பாட்டை ஏமாற்ற முடியாது. அவன் வாந்தி எடுத்துவிட்டு, அந்தக் கல்லின் மேலேயே நெற்றியை வைத்து, பெற்றவளைக் கூப்பிட்டு அழுதான். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டு, யார் வீட்டிலோ சாவு என்று நினைத்துச் சத்தம் போடாமல் வேலை செய்தார்கள்.

குஞ்ஞாமி மூன்றாம் முறை உண்டானபோது வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. அவள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள். தூக்கத்தில் கை நழுவிவிடும் என்று பயந்து, கைகளைத் துணியால் வயிற்றோடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். கதீசும்மா கட்டிவிட்டாள். கட்டும்போது அவளுக்குக் கோழியைத் தைத்த நூல் ஞாபகத்துக்கு வந்தது. மூன்றாவது மாதத்தின் கடைசியில் ஒரு மாலை, புதியாப்ளைக்குத் தாலம் வைத்த நேரத்தில், "உம்மா, படுது" என்று அறையிலிருந்து குஞ்ஞாமியின் குரல் வந்தது. துணியில் ரத்தம். கதீசும்மா ஒரு கண்ணால் அறையையும் ஒரு கண்ணால் தாலத்தையும் பார்த்தாள். கோழியின் வயிறு அசைய ஆரம்பித்திருந்தது.

அவள் சமையற்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு, முக்காடுகூடப் போடாமல், நேராக வந்து புதியாப்ளையின் எதிரில் உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் அவன் அவள் முகத்தைப் பார்த்தது அன்றுதான். குஞ்ஞாமியின் முகமேதான், கொஞ்சம் உப்பியிருந்தது. உசைன் பதறிப்போய் எழுந்து நின்றான்.

"புதியாப்ளே, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

மண்டோளி வீட்டில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. குழந்தை மாதிரி மாயின்குட்டியின் உதடு கோணிக்கொண்டது.

"எதுவும் எதையும் தொடக்கூடாது, மாமி. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். எங்க உம்மா தனித்தனிக் கிண்ணியில வச்சுத் தருவாங்க. சோறு ஒரு கிண்ணி, மீன் ஒரு கிண்ணி. வேற ஒண்ணும் வேணாம்."

"இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

"புதியாப்ளைக்கிட்ட நாங்க எப்படிக் கேப்போம்?"

"நான் மட்டும் எப்படிச் சொல்லுவேன், மாமி?"

கதீசும்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு உசுரு போச்சே. மரியாதை மரியாதைன்னு ரெண்டு உசுரைக் கொன்னுட்டோமே" என்று அலறினாள். உட்கார்ந்து அழ நேரமில்லாததால் அழுதுகொண்டே ஓடினாள். மணவறையில் அழகுக்காக அடுக்கி வைத்திருந்த, யாரும் சோறு வைத்துத் தின்றிராத பூப்போட்ட பீங்கான் கிண்ணிகளை இறக்கினாள். ஒன்று கைநழுவி உடைந்தது. ஒன்றில் வெறும் சோறு, ஒன்றில் பொரித்த மீன். ஒன்றுக்கொன்று படாமல் வைத்துவிட்டு, "தின்னுங்க புதியாப்ளே, சீக்கிரம் தின்னுங்க" என்றாள். மாயின்குட்டி தின்றான். மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அவன் பசியாறித் தின்றது அன்றுதான். கிண்ணியில் சோறு நகரவில்லை. தாலத்தில் கோழியின் வயிறு அசைவதை நிறுத்தியது. அறையில் குஞ்ஞாமிக்கு ரத்தம் நின்றது. அவள் அதை நம்பாமல், விடியும்வரை துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? மண்டோளி வீட்டில் புதியாப்ளைக்குப் பூனைக்கு வைப்பது போலக் கிண்ணியில் சோறு வைக்கிறார்கள் என்று சிரித்தது. கல்யாண வீடுகளில் கதீசும்மாவைக் கூப்பிடுவது நின்றது. அவளுக்கு வருத்தம்தான், அழுதாள்கூட. ஆனால் பிள்ளை பிறக்கும்வரை அவள் எதற்குள்ளும் எதையும் வைக்கவில்லை. தலையணைக்கு உறை போடவும் பயந்தாள். பழைய பயம் போய்ப் புதிய பயம் வந்த மாதிரி, கிண்ணியில் சோறு வைக்கும் ஒவ்வொரு மாலையும் கிண்ணிகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள். குஞ்ஞாமி பத்தாம் மாதம் வரை கைக்கட்டை அவிழ்க்க விடவில்லை. பெண் குழந்தை பிறந்தது. ஆயிசாபி என்று பெயர் வைத்தார்கள். முந்தின இரண்டுக்கும் பெயர் இல்லையே என்று குஞ்ஞாமி அன்று அழுதாள்.

நாற்பதாம் நாள் விருந்துக்குக் கதீசும்மாவுக்குக் கை பரபரத்தது. ஒரே ஒரு கோழியை நிறைத்தாள். ஆண்கள் பக்கத்தில் மாயின்குட்டி தன் கிண்ணிகளோடு நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தான். கோழி வந்தது பெண்கள் பக்கத்துச் சுப்ராவுக்கு. குஞ்ஞாமி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாலத்தருகே உட்கார்ந்ததும், முட்டை வெளியே வந்து, ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்தது. பெண்கள் எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். குழந்தை தாலத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ், இவளுமா?" என்றாள் குஞ்ஞாமி. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

கதீசும்மா எழுந்துபோய், இருப்பதிலேயே சின்னக் கிண்ணியாக ஒன்றை எடுத்துவந்து தாலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். குழந்தையின் பக்கம் குனிந்து, "உனக்கு என்ன வேணும் மோளே?" என்று கேட்டாள். நாற்பது நாள் குழந்தை பதில் சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். முட்டை கிண்ணிக்குள் ஏறி உட்கார்ந்தது. "சரி, தின்னுங்க, சோறு ஆறுது" என்றாள் கதீசும்மா. பெண்கள் தாலத்தில் கை வைத்தார்கள்.